தங் கண்ணாலத்துக்குத் தானே எழுதுற மொய்

வாடா பேராண்டி. ஒக்காரு. தோ, இந்தப் பாறையிலதான். பேண்டு அழுக்காவுமா? ஆவட்டும். நம்ம தளவானூர்ல ராசா கொடைஞ்ச குகைக் கோயிலுடா இது. இங்க ஒட்டுற மண்ணு வெலை ஒசந்த மண்ணு.

ஊர் சேதி அப்பாலிக்கா பேசலாம். மொதல்ல கூட்டுரோட்டுல ஒரு பேனரு பாத்தனே, அதுக்கு வெவரம் சொல்லு. பத்தடி அகலம். நடுவுல நீ. கோட்டு போட்டு, கையக் கட்டிக்கினு நிக்கற. சித்திரை வெயில்ல கோட்டு! சுத்தியும் ரோசாப்பூ. தலைக்கு மேல ஒலக உருண்டை. கீழ என்னமோ எழுதியிருக்குது. நான் கண்ணாடி எடுத்துக்கினு போவல. வயித்துல பகீர்னுச்சு. போன வாரங்கூட போன்ல பேசுனானே புள்ளைன்னு தொண்டை அடைச்சுப் பூடுச்சு. பக்கத்துல நின்ன ஆட்டுக்காரன்தான் படிச்சுச் சொன்னான்: "சாவு இல்ல பெரிசு, சாதனை."

உசுரு வந்துச்சு. ஆனா பாரு, கண்ணீர் அஞ்சலிக்கும் கைதட்டலுக்கும் ஒரே அச்சுல பேனரு அடிக்கறானுங்க. நீயாச்சும் சிரிச்ச மொகமா நின்னுருக்கக் கூடாதா?

சரி, அந்தப் போனை எடு. ஒங்க காலேசுல மாசா மாசம் வாத்தியாருங்க சாதனைன்னு ஒரு பட்டியல் போடுவாங்கன்னியே, அதப் படி கேப்போம். மெதுவாப் படி. எனக்கு அவசரமில்ல. மாடும் மேஞ்சுக்கினுதான் கெடக்குது.

என்னது? ஒருத்தரு கருத்தரங்குல "அமர்வுக்குத் தலைமை" தாங்குனாரா? எத்தினி பேரு கேட்டாங்க? பதினாலா? அதுல சோத்துக்கு நின்னவன் எத்தினி? சரி, வுடு. இன்னொருத்தரு அஞ்சு நாளு வூட்டுல ஒக்காந்தே செல்போன்ல பயிற்சி முடிச்சாரா? வீடியோவ அணைச்சுட்டு ஒறங்குனா கூட சான்றிதழ் வருமாமே? வரும்டா, வரும். எங்க காலத்துல கூத்துப் பாக்கப் போயி ஒறங்குனவனும் காலையில வந்து "பாஞ்சாலி சபதம் பிரமாதம்"னுதான் சொல்லுவான்.

அப்பறம் ஒன் பேரு. "ஒலகத்துல தலைசிறந்த ரெண்டு சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் இடம்." அடேங்கப்பா! இதுக்குத்தான் அந்த உருண்டையா? ஸ்டான்ஃபோர்டு குடுத்த விருதுன்னு பேனர்ல போட்டிருக்குதே, அமெரிக்காவுக்குப் போயி வாங்கியாந்தியா? போவலையா? தபால்ல வந்துச்சா? அதுவும் இல்லையா?

நானும் டீக்கடையில ரெண்டு பேப்பர் படிக்கறவன்டா. ஜான் அயோனிடிஸ்னு அந்தப் பல்கலைக்கழகத்துல ஒரு வாத்தியாரு. அவரும் கூட்டாளிங்களும் எல்செவியர் கம்பெனி வெச்சிருக்கிற கணக்க எடுத்து, எவன் கட்டுரைய எத்தினி பேரு எடுத்துக்காட்டியிருக்கான்னு எண்ணி, வருசா வருசம் ஒரு பட்டியல் போடறாரு. அது கணக்குடா. விருது இல்ல. ரேசன் கடையில ஒன் பேரு இருக்குதுன்னா அது அரசாங்கம் ஒனக்குக் குடுத்த பட்டமா?

ஒன் தொழிலு எனக்கு எப்பிடிப் புரிஞ்சுது தெரியுமா? மொய் நோட்டு வெச்சுப் புரிஞ்சுக்கினன். நீ எழுதுற ஒவ்வொரு கட்டுரையும் ஒரு காரியம். காதுகுத்துன்னு வெச்சுக்கோ. அத இன்னொருத்தன் அவன் கட்டுரையில எடுத்துச் சொன்னா ஒரு மொய். 2005-ல ஹிர்ஷுன்னு ஒருத்தரு இதுக்கு ஒரு எண்ணு கண்டுபிடிச்சாராமே, எச்-இண்டெக்ஸு. பத்துக் காரியம் பண்ணி, ஒவ்வொண்ணுக்கும் பத்து மொய்யாச்சும் வந்துருந்தா ஒன் எண்ணு பத்து. ஒரே கண்ணாலம் பண்ணி அதுக்கு ஆயிரம் மொய் வந்துருந்தாலும் ஒன் எண்ணு ஒண்ணுதான். சரியா சொன்னனா? பாத்தியா, கெழவனுக்கும் மண்டை வேலை செய்யுது.

கணக்கு தப்பில்ல. நம்ம சனத்துக்குத்தான் மொய்யப் பத்தித் தெரியுமே. மொய்யின்னு வந்துட்டா சும்மா இருப்பானா? நீ எனக்கு எழுது, நான் ஒனக்கு எழுதறன். பங்காளிங்க நாலு பேரு சேந்துக்கினு ஒருத்தனுக்கொருத்தன் மாத்தி மாத்தி எழுதிக்கறது. அதுவும் பத்தலையா? தங் கண்ணாலத்துக்குத் தானே மொய் எழுதிக்கறது! மாப்புள மேடையவுட்டு எறங்கி வந்து, மொய் நோட்டுக்காரன்கிட்ட "நூத்தியொண்ணு, மாப்புள பேருல எழுது"ன்னா ஊரு சிரிக்காது? ஒங்க ஊர்ல அதுக்குச் சிரிக்க மாட்டாங்களாம். "தற்சுட்டல்"னு மரியாதையா ஒரு பேரு வெச்சிருக்காங்களாம். பட்டியல் போடற அந்த அமெரிக்காக்காரன் வெவரமானவன். தன் மொய்யச் சேத்து ஒரு கணக்கு, கழிச்சு ஒரு கணக்குன்னு ரெண்டும் போட்டு வெச்சிருக்கான். பேனர் அடிக்கறவன் எந்தக் கணக்க எடுப்பான்னு நான் கேக்க மாட்டன். நீயும் சொல்ல வேணாம்.

இன்னொரு சூட்சுமம் நீயே போன பொங்கலுக்குச் சொன்ன. ஒரே ஆராய்ச்சிய அஞ்சா அறுத்து அஞ்சு கட்டுரை ஆக்கறது. நல்ல வேலைடா! ஒரே புள்ளைக்கு வலது காது குத்தறதுக்கு ஒரு பத்திரிகை, எடது காதுக்கு ஒரு பத்திரிகை. தோடு மாட்டறதுக்கு இன்னொண்ணு. மாமன் எத்தினி தபா சீர் எடுத்தாருவான்? அவன் தோட்டத்த வித்துட்டு ஓடிற மாட்டானா?

அப்பறம் நீ சொன்ன அந்த ஆறு பேரு சேந்து எழுதுன கட்டுரை. ஒருத்தன் ஏரு ஓட்டறான். அஞ்சு பேரு வரப்புல ஒக்காந்துக்கினு வெத்தலை போடறான். அறுவடையில ஆறு பங்கு. கடைசிப் பேரு யாருதுன்னு கேட்டன். துறைத் தலைவரு பேருன்ன. அவரு வரப்புக்காச்சும் வந்தாரா? வரலையா? அட, வெத்தலையாச்சும் அவரு குடுத்தாரா?

சிரிக்காத. இதுல ஒரு வெனையும் இருக்குது. 2023-ஆம் வருசம் ஒலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கு மேல கட்டுரைங்கள "இது செல்லாது"ன்னு திரும்ப வாங்கிக்கினாங்க. ஹிந்தாவின்னு ஒரே பதிப்பகத்துலயே எட்டாயிரத்துக்கு மேல. பத்தாயிரம் காதுகுத்துடா! சோறு போட்டு மொய்யும் வாங்குனதுக்கு அப்பறம் தெரியுது, புள்ளையே இல்லன்னு. நம்ம நாட்டுலயும் ரேங்கு போடற என்.ஐ.ஆர்.எஃப். ஆளுங்க, திரும்ப வாங்குன கட்டுரைக்கு மார்க்கு கொறைக்கறதுன்னு 2025-ல கெளம்பினாங்க. நல்லது. நெல்லுல பதரு கலந்தா மூட்டைக்கு ரெண்டு கிலோ தள்ளி வாங்கறாப் போல.

மேல படி. "காப்புரிமை." யாரு? ஒங்க பக்கத்து ரூமு வாத்தியாரா? செயற்கை நுண்ணறிவு வெச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டற எந்திரமா? மாட்டுக்குத் தாகம் எடுத்தா அதுவே தொட்டியாண்ட போவும்டா. சரி, அது அவரு அறிவு. அந்தக் காயிதத்துல என்ன போட்டிருக்குது, "வழங்கப்பட்டது"ன்னா, "வெளியிடப்பட்டது"ன்னா? வெளியிட்டதா? அதான பாத்தன். விண்ணப்பம் போட்டவன் சும்மா இருந்தாலே பதினெட்டு மாசத்துல அந்த ஆபீஸ்காரங்க பத்திரிகையில வெளியிட்டுருவாங்க. அப்பறம் பரீட்சை பண்ணுங்கன்னு தனியா கேக்கணும். அவன் நோண்டுவான். கேள்வி கேப்பான். இதுல புதுசு என்ன கீதுன்னு ஒதப்பான். தாண்டி வந்தாத்தான் உரிமை. வெளியிட்டதுங்கறது பொண்ணு பாக்க வந்துட்டுப் போன கதை. பஜ்ஜி சாப்புட்டுப் போயிருக்கானுங்க, அம்புட்டுதான். அதுக்குள்ள தாலி கட்டியாச்சுன்னு ஊருக்கெல்லாம் சக்கரை குடுத்தா எப்பிடி?

அடுத்தது? "சர்வதேச சிறந்த ஆசிரியர் விருது." யாரு குடுத்தாங்க? பேரே கேள்விப்படலையே. பதிவுக் கட்டணம் கட்டுனாரா? கட்டியிருப்பாரு. காசு குடுத்து வாங்கறதுக்குப் பேரு விருதா, வியாபாரமா? 2023 பிப்ரவரியில மெட்ராஸ்ல நடந்த கூத்து தெரியுமில்ல? எவனோ ஒரு அமைப்பு அண்ணா பல்கலைக்கழகத்து அரங்கத்த வாடகைக்கு எடுத்து, அங்க வெச்சு பெரிய பெரிய ஆளுங்களுக்கெல்லாம் டாக்டர் பட்டம் குடுத்தான். பல்கலைக்கழகமே அலறிக்கினு ஓடியாந்துச்சு, "நாங்க குடுக்கல"ன்னு. கண்ணால மண்டபம் வாடகைக்கு எடுத்தவன் மண்டபத்துக்காரன் பொண்ணையே கட்டிக் குடுத்தாப் போல ஆச்சு.

நான் சால்வையே கண்டதில்லன்னு நெனைக்காத. எனக்கும் ஒண்ணு போத்துனாங்க, சிறந்த விவசாயின்னு. அந்த வருசம் என் கொல்லையில மழை இல்லாம ஒண்ணும் வெளையல. ஏன் எனக்குன்னு கேட்டன். பேரு குடுத்தவரு வரலையாம். கூட்டத்துல நான் முன் வரிசையில ஒக்காந்திருந்தனாம். அந்தச் சால்வை மல்லாட்டை காய வெக்கவும் பத்தல, மார்கழிக் கூதலுக்கும் தாங்கல. பொட்டியில கெடக்குது. அப்பப்போ எடுத்துப் பாக்கறன். உண்மையச் சொல்றன், தொட்டா கொஞ்சம் சொகமாத்தான் கீது. அதனாலதான் சொல்றன், அது பொல்லாத துணி.

போனை வெய்யி. ஒனக்கு ஒரு அதிசயம் சொல்றன். முருகனுக்கு எத்தினி மொகம்? ஆறு. கை? பன்னெண்டு. 2024 சூலையில அறப்போர் இயக்கம்னு ஒரு கூட்டம் பட்டியல் எடுத்துப் போட்டாங்க. அண்ணா பல்கலைக்கழகத்துல சேந்த 224 பொறியியல் காலேசுல 353 வாத்தியாருங்க ஒரே நேரத்துல ஒண்ணுக்கு மேல எடத்துல முழு நேர வேலை பாக்கறாங்களாம். அதுல ஒருத்தரு பதினோரு காலேசுல! பல்கலைக்கழகமும் விசாரிச்சு, ஆமா முறைகேடுதான்னு ஒத்துக்குச்சு. முருகனுக்கே இது முடியாதுடா. பன்னெண்டு கை இருந்தா பதினோரு கையால பதினோரு வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போடலாம். மீதி ஒரு கை சோத்துக்கு. அந்த வாத்தியாரு ரெண்டு கையால செஞ்சிருக்காரு. இத ஏன் ஒங்க சாதனைப் பட்டியல்ல போடல?

பட்டியல்ல இல்லாத இன்னொண்ணும் கேக்கறன். ஒங்க காலேசுல காலைல ஆறு மணிக்கு ரூமெல்லாம் பெருக்கறாங்களே ஒரு அம்மா, அவங்க பேரு எங்க? சோதனைச் சாலையில குடுவை ஒடையாம இருவது வருசமா கழுவி வெக்கறவரு? "ஆசிரியர், அலுவலர் சாதனைகள்"னுதான தலைப்பு? அலுவலர் எங்கடா? படிச்சுப் பாரு. கண்டியா? தலைப்புல மட்டும் அவங்களுக்கு எடம். பந்தியில எல இல்ல.

கௌரவ விரிவுரையாளருன்னு ஒரு சாதி வெச்சிருக்கீங்களே, அவங்கள நெனைச்சாத்தான் எனக்குச் சிரிப்பு நின்னு பூடுது. அரசு காலேசுல பாதிப் பாரத்த அவங்கதான் தூக்கறாங்க. 2025-ல கூட சம்பளம் மாசம் இருவத்தஞ்சாயிரந்தான். அதுவும் வருசத்துக்குப் பதினோரு மாசந்தான். அம்பதாயிரம் வரைக்கும் குடுக்கலாம்னு காலேசுங்களுக்கு விதி போடற யூ.ஜி.சி. 2019-லயே சொல்லிப்புடுச்சு. பேருல கௌரவம் இருக்குதே, சம்பளம் எதுக்குன்னு வுட்டுட்டாங்க போல. கௌரவத்த கடையில குடுத்தா ஒரு படி அரிசி அளப்பானா? அந்தப் பையன் அம்பது புள்ளைங்கள பாசு பண்ண வெச்சிருப்பான். அவனுக்குப் பேனரு இல்ல. கோட்டு வாங்கக் காசும் இல்ல.

மொகத்தத் தூக்கி வெச்சுக்காத. ஒன்னைய மட்டும் குத்தம் சொல்லல. ஒனக்கும் வேற வழியில்ல, தெரியும். 2010-ல யூ.ஜி.சி. வாத்தியாருக்கு மார்க்கு போட ஆரம்பிச்சுது. கட்டுரைக்கு இத்தினி, கருத்தரங்குக்கு இத்தினின்னு. மார்க்கு சேந்தாத்தான் பதவி ஒசரும். புள்ளைங்களுக்கு மார்க்கு போட்டுக்கினு இருந்தவன் தானே மார்க்குக்கு அலைய ஆரம்பிச்சான். போலிப் பத்திரிகைக்காரன் கடை விரிச்சான். அத அடைக்க 2019-ல கேர் பட்டியல்னு ஒண்ணு, இந்தப் பத்திரிகையில எழுதுனாத்தான் செல்லும்னு. 2025 தொடக்கத்துல அந்தப் பட்டியலும் வேணாம், நீங்களே பாத்துக்கோங்கன்னு கையக் கழுவிட்டாங்க. ஆடு மேய்க்கறவனுக்குத் தடி குடுத்தாங்க, தடியப் புடுங்கிட்டாங்க, ஆடு மட்டும் அப்பிடியே கீது. என்.ஐ.ஆர்.எஃப். ரேங்குலயும் பாரு, நூத்துக்குப் பத்து மார்க்கு "ஊரு என்னா பேசுது"ங்கறதுக்கு. ஊரு பேசறதுக்கு மார்க்குன்னா, பேச வெக்க பேனர் அடிக்கத்தான் செய்வாங்க. மரக்காலு கோணலா இருந்தா நெல்லு என்னாடா பண்ணும்?

சரி, எழுந்திரு. இந்தத் தூணாண்ட வா. கையால தடவிப் பாரு.

பெருமை அடிச்சுக்கறத நீங்கதான் கண்டுபுடிச்சீங்கன்னு நெனைக்காத. இந்தக் குகையக் கொடைஞ்சவன் ஒங்க எல்லாத்துக்கும் பாட்டன். மகேந்திரவர்ம பல்லவன். ஏழாம் நூத்தாண்டு தொடக்கத்து ஆளு. எதிரிங்களுக்கு மல்லன்னு அர்த்தம் வர்றாப்புல சத்ருமல்லன்னு ஒரு பட்டம். அதனால இந்தக் கோயிலு சத்ருமல்லேஸ்வராலயம். பட்டம் அது ஒண்ணுதானா? குணபரன், விசித்திரசித்தன், மத்தவிலாசன், சித்திரகாரப்புலி, அவனிபாஜனன். பல்லாவரத்துக் குகையில நூத்துக்கும் மேல பட்டத்தக் கல்லுலயே வெட்டி வெச்சிருக்கான். ஒங்க காலேசுப் பட்டியலெல்லாம் அதுக்குக் காலு தூசி. நம்மூருக் கூத்துல கட்டியங்காரன் வந்து ராசாவோட பட்டத்தயெல்லாம் அடுக்குவானில்ல? அந்த வேலையையும் அந்த மனுசன் கல்லுக்குக் குடுத்துட்டான்.

ஆனா பேராண்டி, ஒண்ணு கவனிச்சியா? விசித்திரசித்தன்னு பேரு வெச்சுக்கினவன் என்ன பண்ணான்? தோ, பக்கத்துல மண்டகப்பட்டு. செங்கல்லு இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுண்ணாம்பு இல்லாம பிரம்மா, சிவன், விஷ்ணு மூணு பேருக்கும் கோயிலு எடுத்தன்னு கல்வெட்டுல சொன்னான். சொன்னதுக்குச் சாட்சியா கோயிலு நிக்குது. நீயே போயித் தட்டிப் பாக்கலாம். பட்டத்துக்குப் பின்னாடி ஒரு பாறை இருந்துச்சு. ஒங்க பட்டத்துக்குப் பின்னாடி என்ன கீது? ஒரு இரும்புக் கம்பி, அதுல பேனரு. காத்தடிச்சா அதுவும் ஆட்டுக்காரன் கொட்டாய்க்குக் கூரை.

இன்னும் கேளு. அந்த ராசா சும்மா பெருமைக்காரன் மட்டும் இல்ல. "மத்தவிலாசப் பிரகசனம்"னு ஒரு நையாண்டி நாடகம் எழுதுனவன். காபாலிகன் ஒருத்தன் பிச்சை எடுக்கற மண்டையோட்டத் தொலைச்சுட்டு, புத்த பிக்குதான் திருடிட்டான்னு காஞ்சிபுரத்துத் தெருவுல மல்லுக்கு நிக்கறான். கடைசியில பாத்தா நாயி தூக்கிக்கினு பூட்டிருக்குது. மடத்துல இருந்தவன், பெரிய வேசம் போட்டவன் எல்லாரையும் அந்தக் காலத்துலயே நோண்டியிருக்கான். அப்போ நான் ஒன்னைய நோண்டறதுக்கு ராச உத்தரவு இருக்குதுடா. இந்தப் பாறையே குடுத்த உரிமை.

ஆனா மேல பாரு, அந்த மகர தோரணம். ரெண்டு பக்கமும் தடிய ஊணிக்கினு நிக்கற வாயில் காவக்காரங்க. அந்த வளைவ, அந்த நெளிவ உளியால எடுத்தவன் எவன்? ராசா பேரு கல்லுல கீது. உளி புடிச்சவன் பேரு இல்ல. அவன் பேரு இல்லங்கறதால தோரணம் கோணிக்கிச்சா?

தென்பெண்ணையில இன்னொரு தளவானூர் இருக்குது தெரியுமில்ல? அங்க சொமாரு இருவத்தஞ்சு கோடியில ஒரு தடுப்பணை கட்டுனாங்க. 2020-ல முடிச்சாங்க. 2021 சனவரியில ஒடைஞ்சு பூடுச்சு. ஒரே பேருல ரெண்டு ஊரு. ஒண்ணுல ஆயிரத்து நானூறு வருசத்துப் பாறை. இன்னொண்ணுல நாலஞ்சு மாசத்து அணை. நான் ஒண்ணும் சொல்லல. ரெண்டு ஊருக்கும் பஸ்ஸு போவுது, ஏறிப் போயிப் பாரு.

வாத்தியாருங்க எல்லாருமே இப்பிடித்தான்னு நான் சொன்னன்னு போயி சொல்லிறாத. நல்ல வாத்தியாருங்கள இந்தச் சீமை கண்டிருக்குது. புதுச்சேரி பிரெஞ்சு காலேசுல ழுவோ துப்ரேய்ன்னு ஒரு வெள்ளக்கார வாத்தியாரு இருந்தாரு. கோயிலப் பத்தி எழுதணும்னதும் என்ன பண்ணாரு தெரியுமா? கோயில் வேலை செய்யற ஆசாரிங்ககிட்டப் போயி, இதுக்குப் பேரு என்னா, அதுக்குப் பேரு என்னான்னு கேட்டாரு. அவங்க சொன்னத வெச்சுக்கினு பின்னாடி பின்னாடி போயி, எந்தத் தூணு எந்தக் காலத்துதுன்னு கணக்குப் போட்டாரு. 1914-ல பாரீஸ்ல அச்சாச்சு, ரெண்டு தொகுதி. அப்பறம் இந்தப் பல்லவக் குகைங்களப் பத்தியும் எழுதுனாரு. பெரிய படிப்புப் படிச்சவன் உளிக்காரன் முன்னாடி மாணாக்கனா ஒக்காந்தான். அது சாதனையா, கோட்டு சாதனையா?

அதே மாதிரி அமெரிக்காவுல இருந்து ஆல்ஃப் ஹில்டபைடல்னு ஒருத்தரு வந்தாரு. மேலச்சேரி திரௌபதியம்மன் கோயிலு, நம்ம பக்கத்துக் கூத்து, தீமிதி, படுகளம் எல்லாத்தையும் கூடவே இருந்து பாத்தாரு. 1988-ல சிகாகோ பல்கலைக்கழகம் புத்தகமா போட்டுச்சு. தலைப்புல செஞ்சியும் கீது, குருக்ஷேத்திரமும் கீது. நம்ம பையனுங்க செஞ்சியில பொறந்து, "உலகளாவிய பார்வை"ன்னு கட்டுரை எழுதறானுங்க. அவன் ஒலகத்த வுட்டுட்டு செஞ்சிக்கு வந்தான். எவனுக்கு ஒலகம் கெடச்சுது?

இன்னும் பழைய வாத்தியாரு ஒருத்தரு. செஞ்சிக்குப் பக்கத்துலயே திருநாதர் குன்று. பாறையில இருவத்திநாலு தீர்த்தங்கரருங்க ஒக்காந்திருக்காங்க. அங்க ஒரு சின்னக் கல்வெட்டு. சந்திரநந்தின்னு ஒரு சமண முனிவரு அம்பத்தேழு நாளு உண்ணாம நோம்பு இருந்து உசுர வுட்ட எடம்னு சொல்லுது. அவருக்கு அதுல போட்டிருக்கிற ஒரே பட்டம் என்ன தெரியுமா? ஆசிரியரு. அந்தக் காலத்து எழுத்துல, ஆசிரிகர். எத்தினி மாணாக்கரு, எத்தினி கருத்தரங்கு, எதுவும் இல்ல. ஒரு பேரு, ஒரு எண்ணு. அந்த எண்ணுல மொய்க் கணக்கு இல்லடா. அம்பத்தேழு நாளு வயிறு காஞ்ச கணக்கு. அத அவரும் எழுதிக்கல. செத்ததுக்கு அப்பறம் மத்தவன் எழுதுனான். ஆயிரத்து முன்னூறு வருசத்துக்கு மேல ஆச்சு. எவனும் இன்னும் திரும்ப வாங்கிக்கல.

அவசரம் எதுக்குடா? நம்ம செஞ்சிக் கோட்டைய எடுத்துக்கோ. 1677-ல சிவாசி புடிச்சாரு. அவரு மவன் ராசாராம் உள்ள இருந்துக்கினு, மொகலாயப் படை வெளிய இருந்துக்கினு எட்டு வருசம் முற்றுகை, 1698-லதான் வுழுந்துச்சு. தேசிங்கு ராசா 1714-ல உசுர வுட்டாரு. அம்மாம் பட்ட கோட்டைக்கு யுனெஸ்கோ பட்டியல்ல எடம் எப்ப வந்துச்சு? 2025 சூலையில. பன்னெண்டு மராட்டியர் கோட்டைங்கள்ல ஒண்ணா சேத்தாங்க. அதுல மராட்டியத்துக்கு வெளிய இது ஒண்ணுதான். முன்னூறு வருசத்துக்கு மேல வாய மூடிக்கினு நின்னுச்சு கோட்டை. நீ முதுகலை முடிச்சு மூணு வருசத்துல ஒலக உருண்டை கேக்கற.

கடைசியா ஒண்ணு சொல்லிட்டு வுட்டுடறன். நம்ம கொல்லையில என்ன போடறம்? மல்லாட்டை. என்ன ரகம்? டி.எம்.வி.ன்னுவோம். டி.எம்.வி. ரெண்டு, டி.எம்.வி. ஏழு. எங்கப்பன் ரெண்டு போட்டான், நான் ஏழு போட்டன். அந்த மூணு எழுத்து என்னாடா? நான் ரொம்ப நாளு ஏதோ சாமி பேருன்னு நெனைச்சுக்கினு இருந்தன். திண்டிவனம்டா! திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நெலையம். இப்ப கோயம்புத்தூரு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குக் கீழ கீது. குடியாத்தத்துப் பக்கம் போட்டுக்கினு இருந்த கொத்து மல்லாட்டையில நல்ல செடியாப் பொறுக்கி, வெதைச்சு, மறுபடி பொறுக்கி, 1940-ல டி.எம்.வி. ரெண்டுன்னு வெளிய வுட்டாங்க. நூத்தஞ்சு நாளுல கைக்கு வந்துரும். நாடு முழுக்கப் போயி மொளைச்சுது. எத்தினி வூட்டுல அடுப்பு எரிஞ்சுது, எத்தினி பொண்ணுக்குத் தாலி ஏறுச்சு!

அதப் பொறுக்குனவன் பேரு அந்த ரகத்துல இல்லடா. ஊரு பேரு கீது. எச்-இண்டெக்ஸு எத்தினின்னு தெரியாது. ஆனா எங்கப்பன் வெதைச்சான், நான் வெதைச்சன், பக்கத்துக் கொல்லைக்காரன் படி மாத்தி வாங்கிக்கினு போயி வெதைச்சான். இதுவும் மொய்தான். திரும்பச் செய்யணும்னு கணக்கு வெக்காத மொய்.

ஒரு தபா ஒரு ஆபீசரு வந்தாரு, முப்பது வருசம் இருக்கும். ஜீப்ப ரோட்டுலயே வுட்டுட்டு, செருப்பக் கழட்டிக் கையில புடிச்சுக்கினு கொல்லையில எறங்குனாரு. செடி ஒண்ணப் புடுங்குனாரு. குந்திக்கினு ஒவ்வொரு காயா எண்ணுனாரு. நோட்டுல குறிச்சாரு. ஓரத்துச் செடி பழுத்துக் கெடந்துச்சு. "ஏன் பெரியவரே இப்பிடி?"ன்னு என்னையக் கேட்டாரு. என்னைய, ஏரு ஓட்டறவன! நான் எனக்குத் தோணுனதச் சொன்னன். அதையும் நோட்டுல எழுதிக்கினாரு. மோரு குடுத்தன், குடிச்சாரு. போட்டோ புடிக்கல. பேரும் சொல்லல. நானும் கேக்காம வுட்டுட்டன். அது ஒண்ணுதான் இன்னும் மனசுல முள்ளா கீது. எங்க வூட்டு மொய் நோட்டுல அவருக்கு ஒரு பக்கம் வெத்தாவே கெடக்குது.

கோழி ஒரு முட்டை இட்டுட்டு ஊரக் கூட்டும். ஆமை ஆயிரம் இட்டாலும் மண்ணத் தள்ளி மூடிட்டுப் போயிக்கினே இருக்கும்னு பெரியவங்க சொல்லுவாங்க. கோழி கொக்கரிக்கறது தப்பில்ல. முட்டை இருக்கணும். அதான் என் நாயம்.

அடுத்த மாசப் பட்டியல் நீதான தயார் பண்ணணும்? எழுதிக்கோ. ஒவ்வொருத்தர்கிட்டயும் மூணே கேள்வி கேளு. ஒன் வேலையால எவன் கொல்லையில என்ன மொளைச்சுது? ஒங்கிட்டப் படிச்ச எந்தப் புள்ளை ஒன்னையவிடப் பெரிய ஆளாச்சு? போன வருசம் நீ சொன்னதுல எது தப்புன்னு நீயே கண்டுபுடிச்ச? இந்த மூணாவது கேள்விக்கு எவன் மொதல்ல கைய ஒசத்தறானோ, அவனுக்குப் பேனரு கூட அடி. கோட்டு வேணாம், புழுங்கும். அந்தப் பெருக்கற அம்மா பேர மொதல் வரியில போடு. குடுவை கழுவறவரு பேர ரெண்டாவது வரியில. பட்டியல் நீண்டு பூடும்னு பயப்படாத. மத்ததெல்லாம் கேள்வியிலயே உதுந்துரும்.

என்ன, அம்மாம் வேகமா எழுதற? போன்ல பதிவே பண்ணிட்டியா? எதுக்கு? "ஊரகப் பார்வையில் கல்வித் தரம்"னு கட்டுரை ஆக்கப் போறியா?

அடப் பாவி. நான் இம்மாம் நேரம் யாருக்குடா சொல்லிக்கினு இருந்தன்?

சரி போ. ஆக்கு. ஆனா என் பேரையும் போட்ரு. மொதல்ல வேணாம், கடைசியில போடு. வரப்புல ஒக்காந்து வெத்தலை போட்டவன்தான நானு.